சிலிண்டரில் வந்த இரும்பு

அய்யா,

இங்கே அப்பாவுக்கு முதுகு, எனக்கு முழங்கால், மற்றபடி இருக்கிறோம். நீ இருக்கும் ஊரில் இன்னும் பனி கொட்டுகிறது என்று செல்போன் காட்டுகிறது. இங்கே மாசி பிறந்ததுமே வெயில் மண்டையைப் பிளக்க ஆரம்பித்துவிட்டது. சொல்லவந்ததைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ “சரிம்மா” என்று சொல்லிவிடுகிறாய். அந்தச் சரிம்மாவுக்குப் பயந்துதான் பேனாவைத் தேடி எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். படித்துவிட்டு யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. உன் புரொபசருக்குத் தமிழ் தெரியாது, அவருக்கு மட்டும் நீதான் படித்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

களைப்பாக இருக்கிறது அய்யா. இந்த வருஷத்தோடு ரிட்டயர்மென்ட் என்று நினைத்தால் சந்தோஷம் வரவேண்டும், எனக்குத் தூக்கம்தான் வருகிறது. எங்கள் பள்ளியில் லேப் அசிஸ்டென்ட் இடம் காலியாகிப் பல வருஷம் ஆகிவிட்டது உனக்குத் தெரியும். கரைசல் கலப்பது, குடுவை கழுவுவது, உடைந்த பியூரெட்டுக்குப் பதில் சொல்வது எல்லாமே நான்தான். அது முடிந்தால் மார்க், அட்டென்டன்ஸ் என்று ஆன்லைனில் ஏற்ற வேண்டியது இருக்கும். அதுவும் முடிந்தால் சர்வர் வேலை செய்யாது. திருமயத்தில் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து சேரும்போது, பையை எந்தப் பக்கம் வைத்தேன் என்பதுகூட நினைவிருப்பதில்லை. இதையெல்லாம் சொல்வது, அன்றைக்கு நான் பேசியதற்குச் சாக்குச் சொல்ல அல்ல. கொஞ்சம் சாக்கும்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

நீ செய்கிற வேலையை எனக்கும் அப்பாவுக்கும் சேர்த்து ஒரு தடவை வீடியோ காலில் விளக்கினாயே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். புறப்பரப்பு வேதியியல் பாடத்தை வருஷா வருஷம் பன்னிரண்டாம் வகுப்புக்கு நடத்துகிறவள் நான். பரப்பு கவர்தல், வினையூக்கி, வினையூக்கி நச்சு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்துவிடுவேன். ஆனால் ஒரு உலோகத்தின் மேல் கார்பன் மோனாக்சைடு எப்படி உட்காரும் என்று ஒருநாளாவது மனதுக்குள் படம் போட்டுப் பார்த்ததில்லை. “உக்காராதும்மா, நிக்கும்” என்றாய் நீ. கார்பன் பக்கம் கால், ஆக்ஸிஜன் பக்கம் தலை, நெட்டுக்குத்தலாக நிற்கும் என்றாய். காலமெல்லாம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த உன் அப்பா உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப அது ஸ்டாண்டிங்குன்னு சொல்லு” என்றார். ஹைட்ரஜன் ஜோடியாகத்தான் வரும், ஏறியதும் பிரிந்து ஆளுக்கொரு இடத்தில் உட்கார்ந்துகொள்ளும் என்று நீ சொன்னதும், “லேடீஸ் சீட்டு ஜென்ட்ஸ் சீட்டுன்னு பிரிச்சு விட்டுட்டாங்க போல” என்றார். நீ சிரித்த சிரிப்பில் அங்கே உன் அறைக்கதவை யாரோ தட்டினார்கள்.

எந்த உலோகம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்றாய். காப்பர் அந்த மூலக்கூறை லேசாகத்தான் பிடிக்கும். கார்பனும் ஆக்ஸிஜனும் பிரியாமலே இருக்கும், ஹைட்ரஜன் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொள்ளும், கடைசியில் மெத்தனாலாகி இறங்கிப் போய்விடும். நிக்கலும் இரும்பும் இறுக்கிப் பிடிக்கும். இழுக்கிற இழுப்பில் கார்பன் ஒரு பக்கம் ஆக்ஸிஜன் ஒரு பக்கம் பிய்ந்துவிடும். நிக்கல் மேல் பெரும்பாலும் அது மீத்தேனாகிவிடும். இரும்பின் மேல் ஒரு கார்பன் பக்கத்துக் கார்பனோடு கைகோத்து, அது அடுத்ததோடு கைகோத்து, பெட்ரோலில் இருக்கிற மாதிரி சங்கிலியாக நீளும். ரொம்ப இறுக்கிப் பிடித்துவிட்டால் இறங்காமலே கிடந்து, அடுத்து வருவதற்கு இடமில்லாமல் பண்ணிவிடும். “ஜன்னலோரத்துல உக்காந்து தூங்கிட்டான்னா டெப்போ வரைக்கும் வந்துருவான்” என்றார் அப்பா. நான் பாடமாக நடத்திய வினையூக்கி நச்சு, அன்றைக்குத்தான் அய்யா எனக்கே விளங்கியது.

காப்பர் மேல் அந்தச் சங்கிலி வராது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. உனக்கு வந்தது. விரல்நகம் அளவு காப்பர் படிகம், அதைச் சாய்வாக வெட்டிப் படிக்கட்டு மாதிரி ஆக்கி, காற்றே இல்லாத அறைக்குள் வைத்து, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் விட்டாய். கார்பன்கள் கைகோத்தன. அந்தப் படிக்கட்டுதான் கோத்துவைக்கிறது என்று கட்டுரை எழுதினாய். இங்கே நாளிதழில் “புகையிலிருந்து பெட்ரோல்: புதுக்கோட்டை இளைஞர் சாதனை” என்று போட்டார்கள். நீ அப்படி எங்கேயும் சொல்லவில்லை என்று போனில் தலையில் அடித்துக்கொண்டாய். யார் கேட்டார்கள்? நம் ஊர்ப் பையன்கள் பஸ் ஸ்டாப்பில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். உன் சித்தி மகன் கல்யாணத்தில் எடுத்த போட்டோவை வெட்டி எடுத்து, பின்னால் ஒரு ராக்கெட்டையும் போட்டு, “உலகை வியக்க வைத்த எங்கள் ஊர் விஞ்ஞானியே” என்று எழுதியிருந்தார்கள். ராக்கெட் எதற்கு என்று கேட்டேன். “விஞ்ஞானின்னா ராக்கெட் வேணும்ல டீச்சர்” என்றார்கள். ஆடிக்காற்றில் அது கிழிந்து விழுந்ததும் அப்பா மடித்து வீட்டுக்கு எடுத்துவந்தார். இப்போது வைக்கோல் போரை மூடியிருக்கிறது, உன் முகம் உள்பக்கமாக. வெயிலில் நீ வெளுத்துப்போய்விடக் கூடாதாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது நான் வாரத்துக்கு வேண்டிய சேலைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். உன் குரல் கேட்ட உடனே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு, “சிலிண்டர் மாத்துனோம்மா” என்றாய். பழைய கார்பன் மோனாக்சைடு சிலிண்டர் தீர்ந்துபோய்ப் புதியது வந்தது, புதியதில் சங்கிலி வரவில்லை. படிகத்தைக் கழுவினாய், சூடாக்கினாய், குழாயெல்லாம் மாற்றினாய், வரவில்லை. பழைய சிலிண்டரின் அடியில் மிச்சமிருந்த வாயுவை விட்டதும் வந்துவிட்டது. பழையது எஃகு, புதியது அலுமினியம் என்று நீ சொன்னதும் என் கையில் இஸ்திரிப்பெட்டி அப்படியே நின்றுவிட்டது. நல்லவேளை, சேலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேன்.

ஏனென்றால் அது என் பாடம். மாசுள்ள நிக்கலைக் கார்பன் மோனாக்சைடில் லேசாகச் சூடுபடுத்தினால், அந்த வாயு நிக்கலைத் தூக்கிக்கொண்டு ஆவியாகப் பறந்துவிடும். இன்னும் சூடான இடத்துக்குப் போனதும் நிக்கலைக் கீழே போட்டுவிட்டுத் தன் வழியில் போய்விடும். நிக்கலைச் சுத்தம் செய்கிற முறை என்று ஐந்து மதிப்பெண் கேள்வியாக நான் எத்தனை பிள்ளைகளுக்கு எழுதிப்போட்டிருக்கிறேன்! இரும்பையும் அது அப்படித்தான் தூக்கும், கொஞ்சம் நிதானமாக. எஃகு சிலிண்டருக்குள் நாள்கணக்கில் அடைந்து கிடந்த வாயு, சுவரிலிருந்து இரும்பை அணு அணுவாக எடுத்துக்கொண்டு வந்து, உன் சூடான காப்பர் மேல் போட்டிருக்கிறது. கார்பனைக் கோத்தது உன் படிக்கட்டு இல்லை, மேலே வந்து படிந்த அந்த இரும்பு. வருகிற வழியில் அதைப் பிடித்துவைக்க ஒரு சூட்டுக்குழாய் இருக்குமாம். ஏதோ ரிப்பேருக்காகக் கழற்றிய யாரோ அதைத் திரும்ப மாட்டவில்லை, நீயும் கவனிக்கவில்லை. கருவியை வைத்துப் பார்த்தபோது காப்பர் மேல் இரும்பு இருந்தது என்றாய். சந்தேகத்துக்கு இடமே இல்லை என்றாய்.

பிறகு இன்னொன்றும் சொன்னாய். வேறு ஏதோ நாட்டில், நீ முகம்கூடப் பார்த்திராத ஒரு மாணவி உன் கட்டுரையை வைத்து அதே சோதனையைச் செய்துகொண்டிருக்கிறாள். அவளுக்குச் சங்கிலி வரவில்லை. ‘நான் எதைத் தவறாகச் செய்கிறேன் என்று தயவுசெய்து சொல்லுங்கள்’ என்று உனக்கு மெயில் அனுப்பியிருக்கிறாள். நீ பதில் போடவில்லை. புரொபசர், “இப்போது அவசரமில்லை, அடுத்த கட்டுரையில் ஓரமாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்” என்கிறார். அடுத்த மாதம் உனக்கு இங்கே நம் மாநிலத்திலேயே உதவிப் பேராசிரியர் வேலைக்கு இன்டர்வியூ. அந்தக் கட்டுரையைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, “என்னம்மா செய்யட்டும்?” என்று கேட்டாய்.

நான் என்ன சொன்னேன்? நீ மறந்திருக்கமாட்டாய், நானும் மறக்கவில்லை. “பேசாம இருய்யா. ஒருத்தருக்கும் தெரியாது. யாருக்கு என்ன நட்டம்? மொதல்ல வேல கெடைக்கட்டும், ஊரோட வந்து சேரு, மத்ததெல்லாம் மெதுவாப் பாத்துக்கலாம்” என்றேன்.  நீ “சரிம்மா” என்றாய்.

போனை வைத்ததும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பொய் சொல்ல என்ன இருக்கிறது. நீ வருகிறாய் என்ற ஒன்றைத் தவிர வேறெதையும் அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. அப்பா பஸ்ஸில் நின்றே முதுகைத் தொலைத்தவர். இப்போது குனிந்து செருப்புப் போடக்கூடச் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிப்போகிற நாளெல்லாம் எனக்கு லீவு. லீவு போட்டால் மறுநாள் ரெண்டு நாள் வேலை. நீ திருச்சியிலோ மதுரையிலோ இருந்தால் சனிக்கிழமை வந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை போகலாம். கார்பன் எதோடு கைகோத்தால் எனக்கென்ன என்றுதான் தோன்றியது. அவ்வளவு அசதி.

அந்த வாரமே எங்களுக்குப் பிராக்டிக்கல் தேர்வு. அது எப்படி நடக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீயும் அந்த வழியாகத்தான் போனாய். முந்தின நாள் சாயங்காலம் டீச்சர் தானே சோதனையைச் செய்து பார்த்து ஒரு அளவு எடுத்துவைப்பார். மறுநாள் பியூரெட் குழாயைச் சரிபார்க்கிற மாதிரி ஒவ்வொரு மேசையிலும் குனிந்து அந்த அளவை முணுமுணுத்துவிட்டுப் போவார். பிள்ளைகள் முதலில் விடையை எழுதிவிட்டு, பிறகு குழாயைத் திறப்பார்கள். ஊரெல்லாம் இதுதான் பழக்கம். ஒரு பிள்ளைக்கு ஒரு மார்க் குறைந்தாலும் பெற்றவர்களுக்கு முன்னால் ஹெச்.எம். சண்டைக்கு வந்துவிடுவார். இந்தத் தடவை சூடான ஆக்ஸாலிக் அமிலத்தில் பர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எத்தனை மில்லியில் பிங்க் நிறம் வந்து நிற்கிறது என்று குறிக்க வேண்டும். என் அளவு பதினெட்டு மில்லி.

காலையில் பார்த்தால் இரண்டாவது பேட்சுக்குப் பர்மாங்கனேட் போதாது என்று தெரிந்தது. தராசை எடுத்து வைத்து நிறுக்கப் பொறுமையில்லை. கண்ணளவாகக் கொஞ்சம் படிகத்தைப் போட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கி, அதே கேனில் ஊற்றிவிட்டேன். நிறத்தைப் பார்த்துப் பர்மாங்கனேட்டின் செறிவைச் சொல்லமுடியாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். கரும் ஊதாவாக இருந்தது, போதும் என்று விட்டுவிட்டேன்.

கௌசல்யா என்று ஒரு பிள்ளை, ஓரத்து மேசை. நான் பக்கத்தில் போனபோது மெதுவாக, “டீச்சர், பிங்க் வரல டீச்சர்” என்றாள்.

“எவ்வளவு விட்ட?”

“பதினெட்டு தாண்டிருச்சு டீச்சர். ஊத்த ஊத்தக் குடிக்குது.”

“சூடு ஆறியிருக்கும் பாரு.”

“சூடாத்தான் இருக்கு டீச்சர். மறுபடியும் போட்டுப் பாத்தேன், இருபத்தொண்ணுலதான் வருது.”

அங்கிட்டு வெளித்தேர்வாளர் எழுந்திருக்கிறார். குளத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த சார், நல்ல மனுஷர், எங்களைப்போல அவர் பள்ளியிலும் இதே கூத்துத்தான். நான் கௌசல்யாவிடம், “பதினெட்டுன்னு எழுதும்மா. வந்த மாதிரி எழுதிக்கோ, சார் வர்றாரு” என்றேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பென்சிலால் குறித்துவைத்திருந்ததை ரப்பரால் அழித்துவிட்டுப் பேனாவால் பதினெட்டு என்று எழுதினாள். மற்ற பிள்ளைகளும் எப்படியோ பிங்க்கை வரவழைத்துவிட்டுப் பதினெட்டு என்றே எழுதியிருந்தார்கள். மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு விடைத்தாள்களைப் புரட்டிய சார், “ஒங்க புள்ளைங்க ரீடிங் எல்லாம் அச்சடிச்ச மாதிரி இருக்குங்க டீச்சர்” என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

சனிக்கிழமை லேபைக் கழுவப் போனேன். கேனில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கொட்டுவதற்கு முன்னால், எதற்கென்று தெரியாமல், ஒரு பியூரெட்டில் நிரப்பி நானே ஒன்று போட்டேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, யாருக்கும் அளவு சொல்வதற்காக இல்லாமல், சும்மா ஒரு டைட்ரேஷன். முதல் சொட்டு விழுந்து ஊதா நிறத்தில் அப்படியே நின்றது. உனக்கு நினைவிருக்கிறதா, சின்னப்பிள்ளையாக ஸ்பெஷல் கிளாஸுக்கு என்னோடு வந்து ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டு, “ஏம்மா மொத சொட்டு மட்டும் போகமாட்டேங்குது?” என்று கேட்டாய். முதல் சொட்டுக்கு உதவ ஆளில்லை, அது கஷ்டப்பட்டுக் கரைகிறபோது அதிலிருந்து வருகிற மாங்கனீசுதான் பின்னால் வருகிற சொட்டுகளுக்கு வினையூக்கி என்று சொன்னேன். “அப்ப மொத சொட்டு பாவம்” என்றாய். நீ இந்தப் படிப்புக்குப் போனதற்கு அதுதான் காரணம் என்று நான் பல பேரிடம் பெருமையடித்திருக்கிறேன்.

பதினெட்டில் பிங்க் வரவில்லை. பத்தொன்பதிலும் வரவில்லை. இருபத்தொன்றில் வந்தது, நின்றது; நான் ஊற்றிய தண்ணீரில் கரைசல் அவ்வளவு நீர்த்துப்போயிருந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை பேர் தாளிலும் ஒரே மாதிரி தப்பு, அது என் தப்பு. சரியாகச் செய்த ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, அவள் கண்ணால் பார்த்ததை அவள் கையாலேயே அழிக்கச் சொல்லியிருக்கிறேன். அப்போதுதான் அய்யா, உனக்கு மெயில் அனுப்பிய அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள். அவள் பேர் என்ன, எந்த நாடு, எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் காலையில் எழுந்து, படிகத்தைக் கழுவி, சூடாக்கி, வாயுவை விட்டு, பிங்க் வரவில்லை டீச்சர், பிங்க் வரவில்லை டீச்சர் என்று அவள் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. அவளுக்கும் வீட்டில் யாராவது காத்திருப்பார்கள். யாருக்கு என்ன நட்டம் என்று உன்னிடம் கேட்டேனே, இவளுக்குத்தான்.

குளத்தூர் சாருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். “விடுங்க டீச்சர், மார்க்கெல்லாம் ஏத்தியாச்சு, எல்லாப் புள்ளைக்கும் ஃபுல் மார்க். இதுல யாருக்கு என்ன நட்டம்? ரிட்டயர் ஆகுற நேரத்துல எதுக்கு இழுத்துவச்சுக்கிட்டு” என்றார். என் வார்த்தையை எனக்கே யாரோ திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது. அவர்மேல் கோபம் வரவில்லை. அவரும் என்னைப் போலக் களைத்துப்போன ஆள்தான்.

அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். நீ கூப்பிட்டது, சிலிண்டர், இரும்பு, நான் உனக்குச் சொன்னது, எதையும் விடவில்லை. வைக்கோல் போர்ப்பக்கம் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கேட்டு முடித்துவிட்டு, “அப்ப அவன் சொன்னான்னா இங்க வேல கெடைக்காதோ?” என்றார். தெரியாது என்றேன். “அப்ப வரமாட்டானா?” என்றார். அதுவும் தெரியாது என்றேன். அந்த மனுஷன் உன் கட்டுரையைப் பற்றியோ ஃப்ளெக்ஸைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. “ஏன் டீச்சரம்மா, நீ அவன்ட்ட அப்பிடிச் சொல்லியிருக்க வேண்டாம். பயலுக்கு அங்கிட்டு ஒறக்கம் வராது” என்றார். பிறகு, “வேல இல்லாட்டியும் வரச் சொல்லு. இங்க என்ன, சோத்துக்கா பஞ்சம்? ஆனா சொல்லிட்டு வரச் சொல்லு” என்றார். நான் அழுதேன். அவருக்குத் தெரியக் கூடாதென்று மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனேன், அது ஏற்கெனவே குடித்துவிட்டுப் படுத்திருந்தது.

நேற்று கௌசல்யாவைக் கூப்பிட்டேன். தேர்வு முடிந்த பிள்ளையை லேபுக்கு டீச்சர் கூப்பிட்டால் என்ன பயம் பயப்படுவார்கள் தெரியுமா, வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொல்லி, “அன்னைக்கு நீ எடுத்த ரீடிங்தாம்மா சரி. இருபத்தொண்ணுதான். டீச்சர் கரைசல் கலக்குனதுல தப்புப் பண்ணிட்டேன்” என்றேன். நான் இதைச் சொல்வதற்கு மூன்று நாளாக மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அவள் ஆச்சரியப்படுவாள், ஒருவேளை சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள்:

“தெரியும் டீச்சர். எத்தன தடவ போட்டாலும் அதான் வந்துச்சு. நீங்க சொன்னீங்கன்னுதான் மாத்திட்டேன்.”

பெரிய குரலில் சொல்லவில்லை, குற்றமும் சாட்டவில்லை. மரியாதையாகச் சொல்லிவிட்டு, “போகவா டீச்சர்” என்று கேட்டுக்கொண்டு போய்விட்டாள். எனக்கு உன் குரல்தான் கேட்டது அய்யா. அன்றைக்குப் போனில் நீ சொன்ன அந்தச் சரிம்மா, இதே குரல்தான். உனக்கும் தெரியும். என்னைக் கேட்பதற்கு முன்னாலேயே உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்டாய், நான் வேறு மாதிரி சொல்வேன் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டாய். நான் மேசையருகே குனிந்து பதினெட்டு என்று முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டேன்.

இன்டர்வியூவில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. கட்டுரையைத் திரும்பப் பெற்றால் புரொபசர் முகம் கொடுத்துப் பேசுவாரா, அடுத்த வேலை எங்கே, எதுவும் தெரியாது. நல்லதே நடக்கும் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஊரில் நாலு பேர் கேட்பார்கள், சொல்லிக்கொள்கிறோம். வைக்கோல் போர் நனையாமல் இருக்க அந்த ஃப்ளெக்ஸ் இன்னும் ரெண்டு மழைக்குத் தாங்கும் என்கிறார் அப்பா. நீ கையில் வேலையோடு வந்தாலும் வெறுங்கையோடு வந்தாலும் அவர் சுவரைப் பிடித்துச் செருப்பு மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிடுவார். நான் சொன்னாலும் கேட்கமாட்டார்.

ஆனால் புரொபசரிடம் பேசுவதற்கு முன்னால், இன்டர்வியூவை நினைப்பதற்கு முன்னால், அந்தப் பெண்ணுக்கு முதலில் எழுது. உனக்கு வராததுதான் சரி, சிலிண்டரில் இரும்பு இருந்தது என்று நாலு வரி போதும். இன்றைக்கு அவள் லேபுக்குப் போவதற்குள் அது போய்ச் சேரட்டும். இதையும் அம்மா சொன்னேன் என்பதற்காகச் செய்யாதே அய்யா. சரிம்மா என்று பதில் அனுப்பாதே. உன் ரீடிங் என்னவோ அதை மட்டும் எழுது.

அம்மா